பூனைக்குட்டி வரைக்கும் நலம் கேட்ட அக்கா

பெரம்பலூர்
9.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அறிவரசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் சத்யாவும் பாப்பா வினோதினியும் சுகம். அங்கே நீயும் அரியமுத்து மாமாவும் தென்றலும் சுகம்தானே?

தபால்காரர் கடுதாசி கொடுத்ததும் நீ சிரித்திருப்பாய். நன்றாகச் சிரி. போன வாரம் போட்ட சண்டையில், "இனிமே உன்கூட போன்ல பேசுனா நான் கருப்பண்ணன் மவன் இல்ல" என்று வாய் விட்டுவிட்டேன். "நானும் கருப்பண்ணன் மவதான், பேசாத போ" என்று நீயும் வைத்துவிட்டாய். செத்துப்போன அப்பா பேரில் சத்தியம் செய்தாகிவிட்டது, மீற முடியாது. ஆனால் கடுதாசி எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெங்காய வியாபாரத்துக்குக் குட்டியானை வண்டி வாங்கினேன். சந்தை நாளில் இங்கிருந்து சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு, அரியலூர் தாண்டி உங்கள் ஊர்க் கைகாட்டி முனையில் நின்று, உன்னையும் உன் கூட்டாளிகளையும் காய் மூட்டையோடு ஏற்றி, விடியுமுன் ஜெயங்கொண்டம் சந்தையில் இறக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டே சந்தை வந்தீர்கள். அப்புறம் மூட்டையை மட்டும் வண்டியில் ஏற்றிவிட்டு, ஆட்கள் மினி பஸ் பிடித்து வருகிறீர்கள். என் வண்டி கத்திரிக்காய்க்குப் பாதுகாப்பு, கத்திரிக்காய்க்காரிக்குப் பாதுகாப்பு இல்லையா? கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள் அக்கா.

வண்டி புதுசு, டயர் புதுசு. ஓட்டுவது வேற்றாள் இல்லை, சத்யாவின் தம்பி அசோக். அந்த ரோட்டில் சிமெண்ட் லாரிகள் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். அதற்கு நடுவே அவன் அலுங்காமல் ஓட்டுகிறான். முன் சீட்டில் பூண்டு வியாபாரி வைத்திலிங்கம் அண்ணன் தவறாமல் வருகிறார், ஒரு குறை சொன்னதில்லை. பின்னால் உங்களுக்குச் சாக்கு மெத்தை மாதிரி வெங்காய மூட்டை. இன்னும் என்ன வேண்டும்?

ஐப்பசி முதல் சந்தை வரப்போகிறது. அன்றைக்கு விடியும்போது எந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த இடம் அடுத்த ஐப்பசி வரைக்கும் அவருக்குத்தான் என்பது உங்கள் சந்தை வழக்கம். மினி பஸ் விடிந்த பிறகுதான் போய்ச் சேரும். வாசல் புளியமரத்தடி இடத்தை விட்டுவிடப் போகிறாயா? யோசித்து எழுது.

உன் பிரியமுள்ள தம்பி,
அறிவரசன்


பூவாலங்குளம்
17.7.2025

அன்புத் தம்பி அறிவரசனுக்கு,

அக்கா கொளஞ்சியம்மாள் வாழ்த்தி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் மாமாவுக்கு முழங்கால் வலியைத் தவிர. சத்யாவுக்கு அந்த ஒற்றைத் தலைவலி விட்டதா? வினோதினிக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா? வெள்ளாடு சினையாக இருந்ததே, குட்டி போட்டதா? எதிர்வீட்டு இஸ்திரிக்காரப் பெரியவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? குடோனில் ஒரு பூனை வயிறும் பிள்ளையுமாகத் திரிந்ததே, அது எப்படி இருக்கிறது?

உன் கடுதாசியைத் தென்றல் சத்தம் போட்டுப் படித்தாள். கத்திரிக்காய்க்காரி என்று நீ எழுதியதற்கு உன் மாமா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

வண்டியில் குறை ஒன்றும் இல்லை அறிவு. டயரைப் பற்றி நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. சிமெண்ட் லாரி எங்களை என்றைக்கும் இடிக்கலாம், வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாலும் இடிக்கலாம். பஸ்ஸில் லைட் எரிகிறது. கண்டக்டர் இருக்கிறார். ஏறப் படி இருக்கிறது. நாலு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. உன் வண்டிக்காக நாங்கள் இருட்டில் கைகாட்டியில் நிற்க வேண்டும். அங்கே கம்பத்து விளக்கு எரிந்து எத்தனையோ காலமாகிறது. பின்கதவு என் மாருக்கு வருகிறது. சேலையைக் கட்டிக்கொண்டு அதில் ஏறிப் பார்த்திருக்கிறாயா நீ? கலியம்மாள் அக்காவுக்கு இடுப்பு வேறு சரியில்லை. கீரைக்கார புவனேஸ்வரி சின்னப்பெண், கூச்சப்படுகிறாள்.

இடத்தைப் பற்றி எனக்கும் கவலை இருக்கிறது. என் மாமியார் உட்கார்ந்த இடம், அதற்கப்புறம் நான் உட்கார்ந்த இடம். போன சந்தையில் நான் போய்ச் சேர்வதற்குள் உன் வைத்திலிங்கம் அண்ணன் பூண்டுச் சாக்கை அங்கே விரித்திருந்தார். "சும்மாதாங்க வச்சேன், நீங்க வர்ற வரைக்கும்" என்றார். சாக்கை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. அது போய்விட்டால் வூட்டிலேயே இரு என்கிறார் உன் மாமா. வூட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அன்புடன்,
அக்கா கொளஞ்சி


பெரம்பலூர்
26.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். ஆடு இரண்டு குட்டி போட்டது. பூனை நாலு. பல் முளைத்துவிட்டது. பெரியவர் இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமா நடிகர் மாதிரி இஸ்திரி போடுகிறார்.

உன் கடுதாசியை இரண்டு தடவை படித்தேன். நீ பூசி மெழுகுகிறாய். உங்களுக்கு வண்டி மேல் பயம், அவ்வளவுதான். பெண்கள் பயந்த சுபாவம், அதில் தப்பில்லை. பயம் போகும்படி எல்லாம் செய்துவிட்டேன். பின்னால் மின்னும் ஸ்டிக்கர் சுற்றி ஒட்டியாகிவிட்டது. லாரிக்காரன் காதில் விழும்படி புது ஹாரன். மூட்டை சரியாதபடி நைலான் கயிறு. ரஞ்சன்குடியில் ஒரு பூசாரியிடம் எலுமிச்சம்பழம் மந்திரித்து முன்னால் கட்டினேன். பிரேக்கை மெக்கானிக்கிடம் கொடுத்து இறுக்கி வைத்திருக்கிறேன்.

வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள். அடுத்த சந்தைக்கு மூட்டை ஏற்றி முடித்ததும், உங்கள் கண் முன்னாலேயே பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று காட்டச் சொல்லி அசோக்கிடம் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அன்புடன்,
அறிவரசன்


பூவாலங்குளம்
4.8.2025

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். ஆட்டுக்குட்டிகளுக்குப் பேர் வைத்தாயிற்றா? பூனைக்குட்டி நாலும் பிழைத்ததா? கண் திறக்கும்வரை வேறு இடம் மாற்றாதே என்று சத்யாவிடம் சொல்.

உன் பிரேக் பிடித்தது. ரொம்ப நன்றாகப் பிடித்தது. வண்டி வேகமாக வந்து எங்கள் முன்னால் சக்கென்று நின்றது. வண்டி நின்றுவிட்டது, என் தக்காளி நிற்கவில்லை. இரண்டு கூடை அப்படியே பறந்து முன்னால் போய் விழுந்து, வைத்திலிங்கம் அண்ணன் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தபோது கண்ணாடி முழுக்க ரசம். அவர் அலறிய அலறலில் கைகாட்டி நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. "யோவ், யாருக்கு அடி, யாருக்கு அடி" என்று கதவைத் திறந்து குதித்தார். கலியம்மாள் அக்கா சிரித்த சிரிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டு, அன்றைக்குச் சந்தைக்கே வரவில்லை. புவனேஸ்வரியும் நானும் மினி பஸ்ஸில் நினைத்து நினைத்துச் சிரித்தோம். கண்டக்டர் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அடேய், நான் என்ன எழுதினேன், நீ என்ன செய்திருக்கிறாய்? படி இல்லை என்று சொன்னேன், எலுமிச்சம்பழம் கட்டுகிறாய். விளக்கு இல்லை என்று சொன்னேன், ஹாரன் வைக்கிறாய். ஒன்று செய். ஒரு சந்தைக்கு நீயே வா. முன் சீட்டில் இல்லை, எங்களோடு பின்னால் ஏறி வா. அப்புறம் பேசலாம்.

தக்காளியை உன் கணக்கில் சாப்பிட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொள்.

அக்கா கொளஞ்சி


பெரம்பலூர்
16.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். நான் நலமில்லை. இடது தொடையில் கதவுக் கொக்கி கிழித்த காயம் இன்னும் ஆறவில்லை.

நீ கூட இருந்து பார்த்ததுதான், இருந்தாலும் நான் எழுதியாக வேண்டும். சந்தை முடிந்து திரும்பும்போது உங்கள் மூன்று பேரோடு பின்னால் ஏறுகிறேன் என்று சவடாலாக வந்தேன். இந்த ஒரு தடவை மட்டும் எனக்காக வண்டியில் ஏறச் சொன்னேன், நீங்களும் பாவம் என்று வந்தீர்கள். கதவில் ஒரு காலைத் தூக்கி வைத்தேன். மறு காலைத் தூக்க ஆள் இல்லை. கீழே ஒரு கால், மேலே ஒரு கால், வேட்டி கொக்கியில். சந்தை முழுக்க நின்று பார்த்தது. கலியம்மாள் அக்கா மேலேயிருந்து, "ஏந்தம்பி, புது வண்டின்னியே, பழக்கப்பட்ட வேட்டிய கட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல" என்று கேட்டதும் டர்ரென்று கிழிந்தது. கடைசியில் நீயும் புவனேஸ்வரியும் இரண்டு கையையும் பிடித்து மூட்டையைத் தூக்குவது போல என்னைத் தூக்கிப் போட்டீர்கள்.

ஊர் வந்து சேரும்வரை இடுப்பைச் சுற்றிச் சாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உங்கள் எல்லோர் கையும் தானாகக் கம்பியைத் தேடியது, பிடிக்கக் கம்பியே இல்லை. முன் சீட்டில் எத்தனை தடவை போயிருக்கிறேன், அந்த ரோட்டில் பள்ளம் இருப்பதே எனக்குத் தெரியாது அக்கா.

நீ சொன்னது சரி. மறுநாளே பட்டறைக்கு விட்டேன். பின்கதவில் மூன்று மடிப்புப் படி வைத்து, வழுக்காமல் இருக்க முள்ளுத் தகடு அடித்தாயிற்று. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. பின்னால் ஒரு விளக்கு. இனி யார் தயவும் இல்லாமல் ராணி மாதிரி ஏறலாம்.

அசோக்கைத்தான் சொல்ல வேண்டும். வழி முழுக்க "மாமா, மெதுவா போவட்டா மாமா" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவனைப் போல மரியாதையான பையன் கிடைப்பது கஷ்டம்.

அடுத்த சந்தைக்கு ஏறிவிடு.

அன்புடன்,
கிழிந்த வேட்டி அறிவரசன்


பூவாலங்குளம்
30.8.2025

அன்புத் தம்பிக்கு,

நலம். தொடைக்காயம் ஆறியதா? மஞ்சள் வைத்துக் கட்டு. சத்யா, வினோதினி, ஆட்டுக்குட்டிகள், பூனையும் அதன் குட்டிகளும் நலம்தானே? இஸ்திரிக்காரப் பெரியவரைக் கேட்டதாகச் சொல்.

படி பார்த்தேன். நன்றாக இருக்கிறது. உனக்கு இவ்வளவு நல்ல மனசு என்று கலியம்மாள் அக்கா சொன்னார். விளக்கும் நல்ல வெளிச்சம். சுவிட்ச் மட்டும் முன்னால் டிரைவர் கையில் இருக்கிறது.

நாங்கள் இப்போதைக்கு மினி பஸ்ஸிலேயே வருகிறோம். ஐப்பசிக்கு நாள் இருக்கிறதே, பார்க்கலாம். தென்றலுக்குக் காலேஜ் பீஸ் கட்டியாகிவிட்டது.

அக்கா


பெரம்பலூர்
7.9.2025

அக்காவுக்கு,

எல்லோரும் நலம்.

படி கேட்டாய், வைத்தேன். கம்பி வைத்தேன். விளக்கு வைத்தேன். சந்தை முழுக்க என் வேட்டியை உருவிக் காட்டினேன். இன்னும் "பார்க்கலாம்" என்று எழுதினால் நான் என்னதான் செய்ய? உனக்கு வண்டியில் ஏற இஷ்டமில்லையா, என் வண்டியில் ஏற இஷ்டமில்லையா? சொல்லித் தொலை. அப்பா போனபிறகு நீ என்னிடம் எதையும் மறைத்ததில்லை. இப்போது மறைக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. வருத்தமாக இருக்கிறது.

வைத்திலிங்கம் அண்ணன் புளியமரத்தடியில் பந்தல் போடக் கீற்று சொல்லிவிட்டாராம். அசோக் சொன்னான்.

அறிவரசன்


பெரம்பலூர்
9.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சத்யப்பிரியா வணக்கம். இது உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுவது.

நீங்கள் கோபத்தில் இருக்கிறீர்கள் என்று அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் கடுதாசி எல்லாவற்றையும் வாங்கி ஒன்றாக வைத்துப் படித்தேன். எனக்குத் தலைவலி விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாப்பா பல்லைக் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டைக் கேட்டிருக்கிறீர்கள், பூனைக்குட்டி வரைக்கும் கேட்டிருக்கிறீர்கள், எதிர்வீட்டுப் பெரியவர் கண்ணைக்கூட விடவில்லை. எங்கள் வூட்டில் சாப்பிட்டுவிட்டு சந்தைக்குச் சந்தை உங்கள் கைகாட்டிக்கு வண்டி ஓட்டி வருகிற என் தம்பியை மட்டும் ஒரு கடுதாசியில்கூட நீங்கள் கேட்கவில்லை. எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை "வாடா சின்ன மாப்ள" என்று கூப்பிடுகிற அண்ணி நீங்கள்.

நான் உங்களிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்டால் என் முகத்துக்காக இல்லை என்றுதான் சொல்வீர்கள். வருகிற சந்தைக்கு முதல் நாள் அம்மா வீடு போவதாகச் சொல்லிவிட்டு உங்கள் ஊருக்கு வருகிறேன். பழைய சேலை ஒன்றும் ஒரு கூடையும் எடுத்து வையுங்கள். முக்காடு போட நல்ல நீளமான சேலையாக இருக்கட்டும்.

மாமாவையும் தென்றலையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சத்யா


பூவாலங்குளம்
19.9.2025

அன்புத் தம்பி அறிவுக்கு,

நலம். சத்யா பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது தெரிந்தது. என்ன நடந்தது என்று அவளிடம் நீ கேட்டதற்கு, "உங்கக்கா எழுதுவாங்க, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல" என்று சொன்னதாக அவள் தென்றலுக்கு அனுப்பிய செய்தியில் பார்த்தேன். சரி, நானே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அன்றைக்கு விடியுமுன் கைகாட்டியில் நாங்கள் வரிசையாக நின்றோம். கலியம்மாள் அக்கா, புவனேஸ்வரி, நடுவில் முக்காடு போட்டுக் கூடையோடு ஒரு ஆள், கடைசியில் நான். மூட்டையோடு நாங்களும் வருகிறோம் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். வண்டி வந்தது. வந்ததும் அசோக் வழக்கம்போல லைட்டை எல்லாம் அணைத்தான். கேட்டால் பேட்டரி இறங்கிடும் என்பான். வைத்திலிங்கம் அண்ணன் முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார். இவன் இறங்கிப் பின்னால் வந்தான். நீ வைத்த படி இருக்கிறது, கம்பி இருக்கிறது. அப்படியும், "படி பனில வழுக்குங்க, கைய குடுங்க" என்று நடுவில் இருந்த ஆள் கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. "புதுசா இருக்கீங்க. எந்த ஊருங்க?" என்று குழைந்தான்.

முக்காடு விலகியது.

"பெரம்பலூருடா. ஒங்கக்கா வூடு."

அறிவு, அந்தப் பையன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கையை விடவேண்டும் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே அக்கா கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "பிடிச்சிட்டல்ல, வுடாத. இப்படியே சந்தைக்குப் போவலாம் வா" என்றாள் சத்யா. கூடையால் முதுகில் நாலு வைத்தாள். கூடை என்னுடையது, உடைந்துவிட்டது, எனக்கு வருத்தமே இல்லை. புவனேஸ்வரி அழுதாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

அதற்குமேல்தான் வேடிக்கை. சத்யா முன்பக்கம் போய்க் கதவைத் திறந்து, "அண்ணே, எந்திரிங்க. பின்னாடி போங்க. அருமையான மெத்தை, வெங்காய மூட்டை" என்றாள். வைத்திலிங்கம் அண்ணன் தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் புரியாமல் படியில் ஏறினார். படி மட்டும் இல்லாவிட்டால் உன் வேட்டி கதைதான். இவள் முன் சீட்டில் உட்கார்ந்து, "இப்ப ஓட்டு" என்று அசோக்கிடம் சொன்னாள். எல்லா லைட்டும் போட்டுக்கொண்டு போனோம். சந்தை வரைக்கும் அவன் கழுத்தைத் திருப்பவே இல்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். என்னை அவன் தொட்டதில்லை. நான் உன் அக்கா என்று அவனுக்குத் தெரியும், என்னைவிட்டுத் தள்ளித்தான் நிற்பான். அதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம். புவனேஸ்வரி ஏறாத வண்டியில் நான் மட்டும் எப்படி ஏறுவேன்? சரி, உனக்கு எழுதலாம் என்று உட்காருவேன். என்ன எழுதுவது? கையைப் பிடித்தான், விடவில்லை. அவ்வளவுதான். அதைப் படித்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "வழுக்கிடுமேன்னு பிடிச்சிருப்பான், பாவம்" என்பாய். நல்ல ஆம்பளைகள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அதோடு அவன் சத்யாவுக்குத் தம்பி. என் ஒரு வார்த்தையால் உன் வீட்டில் சண்டை வந்தால்? இடம் போனால் போகிறது, உன் வீடு நன்றாக இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். உன் பெண்டாட்டியைப் பற்றி நான் குறைவாக நினைத்துவிட்டேன் அறிவு. அவள் தங்கம்.

ஆடு, பூனை எல்லாம் நலமா?

அக்கா கொளஞ்சி


பெரம்பலூர்
28.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடுதாசி கிடைத்தது. நீ எழுதியிருப்பது சரி. நீ முதலிலேயே எழுதியிருந்தால், "வழுக்கிடுமேன்னு பிடிச்சிருப்பான்" என்று எழுத்துக்கு எழுத்து அதையேதான் நான் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டேன், ஹாரன் கேட்கிறதா என்று கேட்டேன். இறங்கி வருகிறவன் எப்படி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அசோக்கிடமிருந்து சாவியை வாங்கிவிட்டேன். நான் வாங்கவில்லை, சத்யா வாங்கி என்னிடம் கொடுத்தாள். "ஊருக்கு அனுப்புனா அங்க வேற வண்டி ஓட்டுவான். இங்கயே என் கண்ணு முன்னாடி கிடக்கட்டும்" என்று சொல்லி, அழுகல் வெங்காயம் பொறுக்கவும் காம்பு கிள்ளவும் குடோனில் உட்கார வைத்திருக்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணில் தண்ணீர் ஊற்றுகிறது. வெங்காயத்தாலா வேறெதாலா என்று யாரும் கேட்பதில்லை. போன ஞாயிறு அவனைப் பஸ்ஸில் ஏற்றி உங்கள் ஊருக்குக் கூட்டிப்போய், புவனேஸ்வரி வீட்டில் அவள் அப்பா அம்மா முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தாள். புவனேஸ்வரி, "சரி, போங்க" என்று மட்டும் சொன்னாளாம். அது போதும் என்றாள் சத்யா.

இனி சந்தை வண்டியை நானே ஓட்டுகிறேன். முன் சீட்டு இனிமேல் பெண்களுக்கு, சந்தைக்கு ஒருவர் முறை வைத்து. பின்விளக்கின் சுவிட்சைப் பின்பக்கமே கம்பிக்குப் பக்கத்தில் மாற்றியாயிற்று. நீங்கள் போட்டால்தான் எரியும், நீங்கள் அணைத்தால்தான் அணையும். கைகாட்டி விளக்குக்கு மாமா பஞ்சாயத்து ஆபீஸ் போய்ச் சத்தம் போட்டாராமே, எரிகிறதா?

வைத்திலிங்கம் அண்ணன்தான் கோபமாக இருக்கிறார். "பின்னாடி எலும்பெல்லாம் கழண்டுடும்ப்பா" என்கிறார். இத்தனை நாள் பெண்கள் அங்கேதான் உட்கார்ந்தார்கள் என்று சொன்னேன். "அவங்களுக்குப் பழக்கம்" என்றார். பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி முதல் சந்தைக்கு முன் சீட்டு முறை உன்னுடையது. தயாராக இரு.

உன் தம்பி,
டிரைவர் அறிவரசன்


பூவாலங்குளம்
24.10.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா கொளஞ்சியம்மாள் மனசு குளிர்ந்து எழுதுவது. தீபாவளிக்கு நீ அனுப்பிய புடவை வந்தது. வேட்டியும் எடுத்துக்கொண்டாயா, கொக்கிக்குத் தாங்குகிற மாதிரி?

நீ மூட்டை இறக்குகிற வேலையில் இருந்தாயே, மரத்தடியில் நடந்ததைச் சரியாகப் பார்த்திருக்கமாட்டாய். சந்தை வாசலில் வண்டி நின்றதும் நான் முன் கதவைத் திறந்து இறங்கினேன். இரண்டே எட்டு, புளியமரம். சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன். வைத்திலிங்கம் அண்ணன் பின்னால் உன் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, முதலில் கலியம்மாள் அக்கா இறங்கி, அப்புறம் புவனேஸ்வரி இறங்கி, கீரைக்கட்டு இறங்கி, கடைசியாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இத்தனை நாளாக முன் சீட்டிலிருந்து குதித்து முதலில் போய் நின்றவர். மரத்தடியில் என்னைப் பார்த்தார். கையில் இருந்த கீற்றைப் பார்த்தார். "சும்மாதாங்க உக்காந்தேன், நீங்க வர்ற வரைக்கும்" என்றேன். கலியம்மாள் அக்காவுக்கு மறுபடி இடுப்பு பிடித்துக்கொண்டது.

அப்புறம் மனுஷன் என்ன நினைத்தாரோ, அந்தக் கீற்றை எனக்கே கட்டிக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். மத்தியானம் வெயிலுக்கு நல்ல நிழல். அடுத்த ஐப்பசி வரைக்கும் உன் அக்கா புளியமரத்தடிக்காரிதான். ராத்திரி உன் மாமாவிடம் சொன்னேன். வூட்டிலேயே இரு என்று சொன்னவர் எழுந்து போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்தேன்.

கைகாட்டி விளக்கு எரிகிறது. உன் வண்டி விளக்கை யார் போடுவது என்று புவனேஸ்வரியும் கலியம்மாள் அக்காவும் சந்தைக்குச் சந்தை சண்டை போடுகிறார்கள். இப்போது கீழத்தெருவிலிருந்து இன்னும் மூன்று பேர் சந்தைக்கு வரலாமா என்று கேட்கிறார்கள். இத்தனை நாள் வியாபாரத்துக்கு வரமாட்டேன் என்றவர்கள். அவர்களுக்குப் பிடிக்காமல் இருந்தது வியாபாரம் இல்லை, போகிற வழிதான் என்று இப்போதுதான் தெரிகிறது.

போன் சத்தியத்தை முறித்துவிடலாமா என்று புடவையோடு வைத்த சீட்டில் கேட்டிருந்தாய். வேண்டாம். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். கடுதாசியில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். அப்பாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

சத்யா நலமா? வினோதினி நலமா? ஆட்டுக்குட்டிகள் துள்ளுகின்றனவா? பூனைக்குட்டிகளில் ஒன்றை எனக்கு எடுத்து வை, சந்தைக்கு வண்டியில் கொண்டுவா. இஸ்திரிக்காரப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டாரா?

அசோக் நலமா? வெங்காயத்தில் கண் ரொம்பச் சிவந்திருந்தால் நல்ல தண்ணீரில் கழுவச் சொல். கேட்டதாகவும் சொல். நலம் கேட்டேன், அவ்வளவுதான். வண்டிப்பக்கம் வர வேண்டாம். படி இருக்கிறது, நாங்களே ஏறிக்கொள்கிறோம்.

உன் அக்கா,
கொளஞ்சியம்மாள்